பித்தளை அண்ணையின் மை

பித்தளை அண்ணை ஒருவரின் முகத்தைப் பார்த்துக் கதைத்து நான் கண்டதில்லை. கையைப் பார்த்துத்தான் கதைப்பார். வணக்கம் சொன்னாலும் கைக்கு, போதும், சோறு காணும் என்றாலும் கைக்கு. புதிதாகக் கலியாணம் கட்டி ஜெர்மனியின் வுப்பர்டாலில் வந்திறங்கிய எனக்கு அது பெரிய எரிச்சலாக இருந்தது. என் முகத்தில் அப்படி என்ன பிழை என்று இவரிடம் கேட்டேன். இவர் என்றால் என் மனிசன்.

"அந்தாளுக்குக் கூச்ச சுபாவம். நீர் அதை விடும்" என்றார்.

கூச்சமாவது மண்ணாங்கட்டியாவது! அது பயம் என்று விளங்க எனக்குக் கனகாலம் எடுத்தது. விளங்கிய பிறகு எனக்கும் அந்தப் பயம் பிடித்துக்கொண்டது. இன்றைக்கும் முழுதாகப் போகவில்லை.

எங்கள் வீடு ஏறி முடியாத படிகளுக்கு மேலே இருந்தது. வீட்டுக்கும் மேலே, கூரைக்குக் கீழே, வீட்டோடு சேர்த்துத் தந்த ஒரு சின்ன அறை. அதில்தான் அவர் இருந்தார். சனிக்கிழமைகளில் அரைநாள் வேலை முடித்து வந்து எங்களோடு சாப்பிடுவார். தலை பாதி நரைத்த, சத்தமில்லாத மனிசன். பெற்றவர் வைத்த பெயர் ஒன்று இருந்தது, ஆனால் ஒருவரும் அதைச் சொல்வதில்லை. விரல் இடுக்கிலும் சேட்டுப் பையிலும் எப்போதும் பித்தளைத் தூள் மினுங்கும். அதனால் பித்தளை அண்ணை.

என்ன வேலை என்று கேட்டவர்களுக்கு "மரவேலை" என்பார். பொய்யில்லை, ஆனால் பாதிதான். நகருக்கு வெளியே காட்டுக்கரையில் ஒரு கிழ ஜெர்மன்காரர் பட்டறை வைத்திருந்தார். அந்தக் காலத்து நீளத் துவக்குகளைக் கையாலேயே செய்து விற்கிறவர். குழலின் வாய்வழியே வெடிமருந்தைப் போட்டு, கோலால் இடித்து, ஒரு வெடி வைப்பதற்குள் கோப்பி ஆறிவிடும். பழைய சாமானில் ஆசையுள்ள ஜெர்மன்காரர்கள் வாங்கிக்கொண்டுபோய்ச் சங்கங்களில் குறிவைத்துப் பலகைக்குச் சுடுவார்கள், மிச்ச நேரம் சுவரில் கொழுவி வைப்பார்கள். இரும்புக் குழலும் விசையும் கிழவரின் வேலை. மரக்கட்டையில் பித்தளை பதிப்பது எங்கள் அண்ணையின் வேலை. தோளில் வைக்கிற பிடங்குக்கு வளைந்த தகடு, விசைக்குக் கீழே காப்பு, கட்டையின் பக்கத்தில் சின்னப் பெட்டிக்கு ஒரு மூடி, கோல் செருகக் குழாய்கள். ஊரில் அவர் கதவுக்கும் பெட்டகத்துக்கும் பித்தளைப் பூட்டும் கொண்டியும் பதித்தவர்.

"கதவென்ன, துவக்கென்ன, மரம் மரந்தானே பிள்ளை" என்பார்.

சொல்வாரே தவிர, குழல் பூட்டிய துவக்கை அவர் கையால் தொட்டதில்லை. கிழவர் ஒருநாள் ஆசையாக, தான் முடித்த துவக்கை அவரின் கையில் வைத்தாராம். அண்ணை கொதிதண்ணி பட்டவர் மாதிரிக் கையை இழுத்துக்கொண்டாராம். நல்ல காலம், கிழவர் பிடித்துக்கொண்டார்.

ஞாயிறும் வேலை செய்யவென்று வெறுங்கட்டையை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவருவார். குழல் இல்லாத கட்டைக்கு இங்கே ஒரு தடையும் இல்லை, அது மரம்தான் என்று கிழவர் சொல்லியிருந்தார். ஆனாலும் அண்ணைக்கு நம்பிக்கையில்லை. கட்டையைச் சாக்கில் சுற்றி, நீளப் பையில் போட்டு, மேலே லீக்ஸ் இலைகளை நீட்டிக்கொண்டிருக்க விட்டுத் தொங்குரயிலில் ஏறுவார். அந்த மனிசன் வாங்கிய லீக்ஸ் முழுவதையும் சமைத்துத் தீர்த்தது நான்தான். லீக்ஸ் வறை, லீக்ஸ் சம்பல், லீக்ஸ் சொதி! இவர் ஒருநாள் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு, "அண்ணை, அடுத்தமுறை முருங்கைக்காயாப் பாருங்கோவன்" என்றார்.

எங்கள் சனத்துக்குத் தன் வேலை தெரியக்கூடாது என்பதுதான் அவரின் ஒரே வேண்டுதல். ஊரில் திரும்பவும் சண்டை தொடங்கியிருந்த காலம் அது. துவக்கு வேலை தெரிந்த தமிழன் ஒருவன் இங்கே இருக்கிறான் என்று கதை போனால் ஆட்கள் தேடி வருவார்கள். மாட்டேன் என்றால், ஊரில் தனியே இருக்கிற அவரின் அக்காவுக்கு என்ன நடக்குமோ தெரியாது. ஓம் என்றால், இங்கே பொலிஸ். அவரிடம் இருந்ததோ அடிக்கடி கந்தோரில் டெர்மின் என்று நேரம் எடுத்து நீட்டிக்க வேண்டிய விசா. பிடிபட்டால் நேரே கொழும்புக்குப் பிளேன்தான்.

"நான் பூட்டுறது விளையாட்டுச் சாமான் பிள்ளை. ஆனா ஆருக்கு அதைச் சொல்லி விளங்கப்படுத்த ஏலும்?"

அவர் வேலை செய்வதைச் சில ஞாயிறுகளில் தேத்தண்ணி கொண்டுபோன சாட்டில் நின்று பார்த்திருக்கிறேன். ஒரு சின்ன நல்லெண்ணெய் விளக்கு எரியும். அதன் மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்துக் கரி பிடிப்பார். ஊரில் பிள்ளைக்கு மை செய்வதும் இப்படித்தானே. அந்தக் கரியில் ஒரு சொட்டு ஆமணக்கெண்ணெய் விட்டுக் குழைத்து, பித்தளைத் தகட்டின் உட்பக்கத்தில் மெல்லப் பூசுவார். பிறகு தகட்டை மரத்தில் அது இருக்க வேண்டிய இடத்தில் வைத்து ஒரு தட்டு. எடுத்துப் பார்த்தால் மரத்தில் அங்கங்கே கறுப்புப் புள்ளி இருக்கும். எங்கே கறுப்போ அங்கே மரம் இடிக்கிறது. அந்த இடத்தை மட்டும் உளியால் ஒரு தூள் சுரண்டுவார். திரும்பக் கரி, திரும்பத் தட்டு, திரும்பச் சுரண்டல். காலையில் தொடங்கினால் பின்னேரம்வரை ஒரு தகடு. கடைசியில் மரத்துக்கும் பித்தளைக்கும் இடையில் ஒரு மயிர்கூடப் போகாது.

"கண்ணாலயே தெரியுதே அண்ணை, வடிவாத்தானே இருக்குது" என்பேன்.

"கண் பொய் சொல்லும் பிள்ளை. கரி சொல்லாது."

பிடங்குத் தகட்டின் ஓரத்தை மட்டும் அவர் தேவைக்கு மேல் அரத்தால் அராவி மழுக்குவார். கிழவருக்கு அதில் கோபம். ஓரம் கூராக நின்றால்தான் பழைய வடிவு என்பார். எதற்கு மழுக்குகிறீர்கள் என்று நான் கேட்டேன். அன்றைக்குத்தான் அவர் சேட்டின் மேல் பொத்தானைக் கழற்றி, தோள் எலும்புக்கு மேலே ஒரு தழும்பைக் காட்டினார்.

"இதால அடிச்சா வெட்டக்கூடாது."

"இதால ஆர் அண்ணை அடிக்கப்போகினம்? சுவரில கொழுவிறதுக்குத்தானே வாங்கினம்?"

"அப்பிடித்தான் எல்லாரும் வாங்கிறது" என்று சொல்லிவிட்டு மறுபடி அராவத் தொடங்கினார். எனக்கு அந்த அறையில் நிற்கப் பயமாக இருந்தது. தேத்தண்ணிக் கோப்பையை எடுக்காமலே இறங்கி வந்துவிட்டேன்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. தன் அறைக் கதவை அவர் முழங்கையால்தான் திறப்பார். கைப்பிடியை முழங்கையால் அமத்தி, தோளால் தள்ளி உள்ளே போவார். சுத்தம் பார்க்கிறவர் போலும் என்று நினைத்து நான் சிரித்திருக்கிறேன். ஒருநாள் அறைக்குப் போர்வை கொண்டுபோனபோது எனக்கு முன்னாலேயே பாய்ந்து வந்து, "தொடாதேங்கோ பிள்ளை, நான் திறக்கிறன்" என்றார். கைப்பிடியின் அடிப்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், அந்தக் கரி பூசியிருந்தது. தான் இல்லாத நேரம் யாராவது திறந்தால் அவர்களின் கை சொல்லிவிடும் என்றார். எத்தனை வருசமாகப் பூசுகிறாரோ.

இப்படிப்பட்ட மனிசன் இருக்கிற வீட்டில் வாய் சும்மா கிடக்க வேண்டும். என் மனிசனின் வாயோ சும்மா கிடக்கிற வாயில்லை. கெட்ட மனிசனில்லை, வாய்தான் ஓட்டை. தெரிந்தவர்களின் மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியவீடு. மண்டபம் நிறையச் சனம். ஆராரோ தங்கள் வீட்டுப் பெருமையெல்லாம் அவிழ்த்துவிட, இவருக்கும் பொறுக்கவில்லை.

"எங்கட மேல்மாடியில இருக்கிற அண்ணை இருக்கிறாரே, ஜெர்மன்காரனுக்கே துவக்குச் செய்து குடுக்கிறார்!"

நான் மேசைக்குக் கீழே இவரின் தொடையில் நுள்ளினேன். "ஏன் நுள்ளுறீர்?" என்று அதையும் உரக்கக் கேட்டார். கோதாரி! எதிரே வெள்ளைச் சேட்டுப் போட்ட ஒருவர் வடை தின்றுகொண்டிருந்தார். கையிலிருந்த பாதி வடையைக் கோப்பையில் வைத்துவிட்டு, கடதாசித் துவாயால் விரலைத் துடைத்து, "எந்த அண்ணை?" என்று கேட்டார். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டி என்று சும்மாவா சொன்னார்கள்?

அந்த வெள்ளைச் சேட்டுக்காரர் அடுத்த கிழமையே வீட்டுக்கு வந்தார். நல்ல மரியாதையான மனிசன். சப்பாத்தை வாசலில் கழற்றி ஒழுங்காக வைத்தார், தேத்தண்ணிக்கு நன்றி சொன்னார், எத்தனை மாதம் என்று என் வயிற்றைப் பார்த்து அக்கறையாகக் கேட்டார். எந்தப் பக்கத்து ஆள் என்று நாங்கள் கேட்கவில்லை. அதெல்லாம் கேட்கிற கேள்வியில்லை.

"சின்ன வேலைதான் தம்பி. கை வேலை தெரிஞ்ச ஆள் எங்களுக்கு வேணும். ஒருக்கா அவற்ற அறையைப் பாப்பமே?"

"அவர் இல்லாம எப்பிடி அண்ணை…" என்று இவர் இழுத்தார்.

"சரி சரி, அவசரமில்லை." எழும்பிச் சப்பாத்தைப் போடும்போது நிமிராமலே கேட்டார். "அம்மா சுகமே தம்பி? இன்னும் அந்தக் கிணத்தடி வீட்டிலதானே இருக்கிறா? பின்வேலி விழுந்துபோய்க் கிடக்காம். கவனமா இருக்கச் சொல்லுங்கோ."

வேலி விழுந்தது எங்களுக்கே தெரியாது. இவரின் முகம் வெளிறிப்போனது. அவர் படியிறங்கிப் போன சத்தம் அடங்கினதும், மேல் அறைப் பூட்டுக்கு எங்களிடம் இருந்த மற்றத் திறப்பை ஒருத்தரிடமும் கொடுக்க வேண்டாம் என்று நான் சொன்னேன். "எனக்கென்ன விசரே?" என்று என்னில் பாய்ந்தார். வந்து போன ஆளைப் பற்றிப் பித்தளை அண்ணைக்கும் சொன்னேன். அவர் என் கையைப் பார்த்துத் தலையாட்டினார். "வருவினம் எண்டு தெரியும் பிள்ளை. எண்டைக்கு எண்டுதான் தெரியாமல் இருந்தது."

பிறகு ஒரு சனிக்கிழமை. நான் காலையில் மீன் வாங்கச் சந்தைக்குப் போய் வந்தேன். இவர் ரீவியைப் போட்டுவிட்டு அதைப் பார்க்காமல் இருந்தார். அண்ணைக்குப் பிடிக்குமென்று புட்டு அவித்தேன், மீன் குழம்பு, சொதி. அவர் வேலையால் வந்து, மேலே அறைக்குப் போய்ப் பையை வைத்துவிட்டு, கை கழுவி வந்து இருந்தார். மூன்று பேரும் சாப்பிடத் தொடங்கினோம்.

புட்டு பால் மாதிரி வெள்ளை. இவர் குழம்பை விட்டுக் குழைத்தார். குழைத்த இடத்தில் ஒரு கறுப்புக் கோடு விழுந்தது. மிளகோ, கருகின வெங்காயமோ என்று பார்த்தேன். இன்னொரு பிடி, இன்னொரு கோடு. இவரின் நாலு விரல்களின் உட்பக்கம், கதவுக் கைப்பிடியைக் கீழாலே பிடித்தால் எந்த இடம் படுமோ அந்த இடம், மங்கலாகக் கறுத்திருந்தது. சவுக்காரம் போட்டுக் கழுவியிருக்கிறார். தண்ணிக்குப் போகாத கரி குழம்பின் எண்ணெய்க்கு இளகிவிட்டது.

என் கை வாயருகில் அப்படியே நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். பித்தளை அண்ணை இவரின் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவரும் கண்டுவிட்டார், விரலை மடக்கினார். ஐயோ, அந்த நேரம் எனக்கு வந்த பயம்! அண்ணை என்ன செய்வார் என்று தெரியாத பயம். உளி பிடிக்கிற கை அது.

"பிள்ளை, இன்னும் கொஞ்சம் சொதி விடுங்கோ" என்றார் அவர்.

விட்டேன். முழுவதையும் ஆறுதலாகச் சாப்பிட்டு முடித்தார். எழும்பிப் போய்க் கை கழுவிக்கொண்டு, குசினியிலிருந்து நல்லெண்ணெய்ப் போத்தலும் ஒரு பழந்துணியும் எடுத்து வந்தார். இவருக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, மடக்கிய கையைப் பிடித்து விரித்தார்.

"தண்ணியால போகாது தம்பி. எண்ணெய் வேணும்."

ஒவ்வொரு விரலாக எண்ணெய் விட்டுத் துடைத்தார். இவர் குலுங்கிக் குலுங்கி அழத் தொடங்கினார்.

"அம்மாவைச் சொன்னவங்கள் அண்ணை… வேலி விழுந்ததைச் சொன்னவங்கள்…"

"என்னத்தைப் பாத்தவை?"

"கட்டையை. தகடுகளை. உளியளை. எல்லாத்தையும் படம் எடுத்தவை. உங்களோட கதைக்க வருவினமாம்."

"ஓம். வருவினம்." கடைசி விரலையும் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கையை விட்டார். "அழாதேங்கோ. எங்க இடிக்குதெண்டு தெரிஞ்சாக் காணும். அந்த இடத்தை மட்டும் சுரண்டலாம். முழு மரத்தையும் பிழை சொல்லக்கூடாது."

அவர் மன்னித்தாரா, எங்களைக் கணக்கிலிருந்து வெட்டிவிட்டாரா, எனக்கு விளங்கவில்லை. இரண்டும் ஒன்றாகவும் இருந்திருக்கலாம்.

அடுத்தடுத்த நாளே வெளிக்கிட்டுவிட்டார். இவர் வேலைக்குப் போயிருந்தார். படியில் இரண்டு பைகள், இந்தமுறை லீக்ஸ் இல்லை. என்னைக் கூப்பிட்டு ஒரு சின்னத் தகரப் பேணியைத் தந்தார். உள்ளே மை.

"பிறக்கப்போற பிள்ளைக்குப் பொட்டு வைக்க. இது தனியாப் பிடிச்சது, பித்தளைத் தூள் பயமில்லை."

"எங்க அண்ணை போறியள்?"

கொஞ்சம் யோசித்தார். "ஸ்டுட்கார்ட்டில தங்கச்சி முறையான ஒராள் இருக்கிறா. அவையின்ர வீட்டுக்குக் கீழ, கெல்லரில ஒரு அறை. இனிக் கதவு வேலைதான். தம்பிக்குச் சொல்லாதேங்கோ. தெரிஞ்சாத்தானே கேக்கிறவைக்குச் சொல்லுவார்."

"அப்ப எனக்கு மட்டும் ஏன் சொல்லுறியள்?"

அன்றைக்குத்தான் முதன்முதலாக என் முகத்தைப் பார்த்தார். சாம்பல் பாய்ந்த, களைத்துப்போன கண்கள்.

"உங்கட கையில ஒருநாளும் கரி கண்டதில்லை, பிள்ளை."

அவர் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு என் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் சோறு போட, குழம்பு விட, அந்த மனிசன் என்னையும் சோதித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, அழுகைதான் வந்தது.

பிள்ளை பிறந்து கழுத்து நின்ற பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மணி அடித்தது. நான் வடை சுட்டுக்கொண்டிருந்தேன். வெள்ளைச் சேட்டுக்காரர். கையில் பிள்ளைக்கு உடுப்புப் பெட்டி. சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக வைத்தார். உள்ளே வந்து, கேட்காமலே தொட்டிலிலிருந்து பிள்ளையைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். நல்லாகத்தான் தூக்கினார், தலைக்குக் கை கொடுத்து. பிள்ளையும் சிரித்தது.

"பித்தளை அண்ணை எங்க தங்கச்சி?" என்று பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டே கேட்டார்.

"தெரியாது அண்ணை."

"சொல்லாமலே போவாரே? உங்கட கையால எவ்வளவு சாப்பிட்ட மனிசன்."

"அவர் ஒருத்தரோடயும் கதைக்கிறவரில்லை."

ஸ்டுட்கார்ட் என்ற சொல் தொண்டைக்குள் வந்து நின்றது. பிள்ளையைத் தாங்கோ என்று கத்த வேண்டும்போல இருந்தது. அவர் அவசரப்படவில்லை, தட்டிக்கொண்டே நின்றார். என்னைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். இவர் சுவரோடு நின்றார். இவருக்கு இடம் தெரியாது. ஆனால் எனக்குத் தெரியும் என்பதை என் முகத்தைப் பார்த்து எப்போதோ விளங்கிக்கொண்டிருந்தார். ஒரு சொல் சொன்னால் போதும், 'இவளைக் கேளுங்கோ' என்று.

வந்தவர் பிள்ளையை என்னிடம் நீட்டினார். வாங்கினேன். அவரின் வெள்ளைச் சேட்டில், நெஞ்சுக்கு நேரே, பிள்ளையின் கன்னத்துப் பொட்டு கறுப்பாக அப்பியிருந்தது. அவர் குனிந்து பார்த்து, விரலால் தேய்த்தார். அது இன்னும் அகலமானது.

"சீக். இது கழுவினாப் போகுமே?"

"தண்ணியால போகாது அண்ணை. எண்ணெய் வேணும்."

"அப்ப கொஞ்சம் தாங்கோவன்."

"எண்ணெய் முடிஞ்சுபோச்சு" என்றேன்.

அவர் குசினிப் பக்கம் திரும்பினார். கதவு திறந்துதான் கிடந்தது. அப்போது, வாழ்நாளில் ஒரு கதையையும் வாய்க்குள் வைத்திருக்கத் தெரியாத என் மனிசன் சுவரை விட்டு முன்னால் வந்தார்.

"ஓம் அண்ணை. ஒரு சொட்டும் இல்லை. இண்டைக்கு ஞாயிறு, கடையும் பூட்டு."

தாச்சி நிறைய எண்ணெயில் வடை பொரிகிற சத்தம் எங்கள் மூன்று பேருக்கும் நன்றாகக் கேட்டது.